முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம்

ஞாயிற்றுக்கிழமை மேடையில், வேலையிடங்களைப் பற்றி உளவியலில் பிஎச்டி செய்கிற என்னை ஒரு முதலாளி அண்ணன் கேலி செய்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் குட்டி வீடியோவைச் சிரிப்பு எமோஜியோடு எனக்கே ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள், அதில் நான் மேடை ஓரத்தில் அசடு வழியச் சிரிப்பதும் நன்றாகவே விழுந்திருக்கிறது, இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"முப்பது வருஷமா ஆள் எடுக்கிறேன் தங்கச்சி. உள்ள வந்து உட்கார்றதுக்குள்ள முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன், தேறுவானா மாட்டானான்னு. இதுக்கு எதுக்கு பிஎச்டி?" கைத்தட்டல். விசில் வேறு.

மைக் என் பக்கம் திரும்பவே இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன். தேறமாட்டான் என்று முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினீர்களே அண்ணே, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஒரு நாளாவது விசாரித்திருக்கிறீர்களா? யாரும் விசாரிப்பதில்லை. எடுத்த ஆள் நன்றாக வந்தால் என் கணிப்பு என்பீர்கள். சரியில்லாமல் போனால் "வரும்போது நல்லாத்தான் இருந்தான், அப்புறம் கெட்டுட்டான்". எடுக்காமல் விட்டவர்களோ கணக்கிலேயே வரமாட்டார்கள். சொந்த விடைத்தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்வதற்குப் பெயர் அனுபவமா?

நான் ஏதோ கோபத்தில் அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆள் தேர்வு என்பது நிறுவன உளவியலில் மிகப் பழைய தலைப்பு. 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் திரட்டி, எந்தத் தேர்வு முறை வேலைத்திறனை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டார்கள். 2022இல் பால் சாக்கெட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, பல எண்களைக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் முதலிடத்தில் நிற்பது கட்டமைத்த நேர்காணல்தான்: வருகிற எல்லாருக்கும் முன்கூட்டியே எழுதிவைத்த ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண். பின்னால் வேலையில் எப்படிச் செய்கிறார் என்பதோடு அதற்குள்ள தொடர்பு 0.42. 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் அச்சு அசல். நம் அண்ணன் பாணியில் சும்மா உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பது 0.19. வேலைக்கு வருகிறவருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்பது 0.07. இது முதலாளியின் அனுபவம் பற்றிய எண் இல்லைதான், ஆனாலும் "முப்பது வருஷம்" என்று மேடையில் முழங்குவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கவைக்கலாம்.

பழைய எண்கள் ஏன் குறைந்தன தெரியுமா? வேலைக்கு எடுக்காமல் விட்டவர்களைப் பற்றிய தகவல் இல்லாததை ஈடுகட்ட முன்பு போட்ட திருத்தம் அளவுக்கு மீறிப் போயிருந்ததாம். நான் அண்ணனிடம் கேட்ட அதே இடத்தில் பெரிய பெரிய பேராசிரியர்களே வழுக்கியிருக்கிறார்கள். அவர்கள் அதைத் தேடிப் பிடித்து எழுதி வெளியிட்டார்கள். இவருக்கு விசில் கிடைத்தது.

"உங்கள் உளவியலே ஆட்டங்கண்டு கிடக்கிறதே" என்று ஒரு நண்பர் வருவார், எப்போதும் வருவார். ஆமாம், 2015இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் தேறியது. கண்டுபிடித்தது யார்? உளவியல்காரர்களே. அண்ணன் தன் முப்பது வருஷத்தை எப்போது திரும்பச் செய்து பார்த்தார்? அடுத்த கேள்வி.

"அதெல்லாம் அமெரிக்காவிலேம்மா." இது நியாயமான கேள்வி. அதற்காகத்தானே இங்கே சிங்கப்பூரில் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் கேள்வித்தாளோடு அலைந்துகொண்டிருக்கிறேன்.

வீடியோவில் வெட்டிவிட்ட இன்னொன்றையும் அண்ணன் சொன்னார். "என் கம்பெனியில இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னது கிடையாது." நான் ஆராய்வதே அதைத்தான், வேலையிடத்து மௌனத்தை. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராயப் போனபோது நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவானதோ அங்கேதான் அதிகம். நல்ல குழுக்களில் ஆட்கள் தவறை வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் அமுக்கினார்கள், அதுதான் அவர் கண்ட விளக்கம். 1996இல் வெளியான ஆய்வு. ஒருவரும் குறை சொல்லவில்லை என்பதை ஒரு முதலாளி பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தொழிலாளர் தங்குவிடுதிப் பொது அறை ஒன்றில் ஒரு தம்பி என் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். "ஆபத்தான எதையும் பார்த்தால் மேலாளரிடம் தயங்காமல் சொல்வேன்" என்ற வரிக்கு 5, அதாவது முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அடுத்ததற்கும் 5. மளமளவென்று எல்லாவற்றுக்கும் ஐந்தே. கதவோரம் அவருடைய சூப்பர்வைசர் போனை நோண்டிக்கொண்டு நின்றார். நிற்கவே கூடாது, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஏற்கெனவே வெளியே அனுப்பிய மனிதர் தண்ணீர் பிடிக்க வந்தேன் என்று திரும்ப வந்து நின்றுகொண்டார். மறுபடி சொல்லி அனுப்பினேன். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனதும் தம்பி பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, வேற தாள் இருக்கா?" புதுத் தாளில் ஒரு 5கூட இல்லை. வேலை தொடங்கும் முன் நடக்கிற பாதுகாப்புக் கூட்டத்தில், அதுதான் டூல்பாக்ஸ் மீட்டிங்கில், தினமும் தலையாட்டிவிட்டுப் போகிற பையன்தான் அவரும்.

இதற்குத்தான் பிஎச்டி. கதவோரம் யார் நின்றார் என்று பார்ப்பதற்கு.

"விளையாட்டாச் சொன்னதை ஏன் இப்படிப் பெரிசு பண்றீங்க?" சொல்கிறேன். படிக்கப் போவதற்கு முன் ஒரு வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எதிரில் இருந்தவர் என் சி.வி.யைப் புரட்டக்கூட இல்லை. முகத்தைப் பார்த்தார். மாண்டரின் சீனம் வருமா என்றார், விளம்பரத்தில் அப்படி ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அப்புறம் ரொம்ப மரியாதையாக, "எங்க டீமுக்கு நீங்க ஒத்து வருவீங்களான்னுதான் யோசிக்கிறேன்" என்றார். அவருக்கும் பல வருஷ அனுபவம். அவரும் பார்த்தாலே சொல்லிவிடுகிறவர்.

பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2004இல் வெளியிட்டது பலருக்குத் தெரிந்திருக்கும்: பாஸ்டனிலும் சிகாகோவிலும் போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்ததில், வெள்ளையர் பெயர் என்று தோன்றியவற்றுக்குக் கறுப்பர் பெயர்களைவிட 50% அதிகமாக அழைப்பு வந்தது. சரி, அமெரிக்கா வேண்டாம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் இந்தியாவில் அதையே செய்து 2007இல் எழுதினார்கள். தகுதி ஒன்றுதான், தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் பின்னுக்குப் போயின. ஆக இந்த முகம் பார்க்கும் வித்தையில் நம் ஆட்களும் கைதேர்ந்தவர்கள்தான், அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை அரங்கில் ஒரு வார்த்தை பேச முடியுமா?

இங்கே சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, இனம், மொழி, வயது பார்த்து ஒதுக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டதாக நாமெல்லாம் பகிர்ந்து கொண்டாடினோம். "ஒத்து வராது" என்பதை எந்தப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்துவீர்கள்?

அண்ணன் எத்தனை தமிழர்களுக்கு வேலை கொடுத்தவர் தெரியுமா என்று கேட்கப் போகிறீர்கள். தெரியும். கோவில் திருப்பணிக்குக் கொடுத்ததும் தெரியும். அவர் கெட்டவர் என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறேனா? ஒரு சீன முதலாளி அதே மேடையில் ஏறி "முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்று சொல்லியிருந்தால் விசில் அடித்திருப்பீர்களா என்று மட்டும் கேட்கிறேன். வீடியோ அதற்குள் ஊரைச் சுற்றியிருக்கும், எமோஜியும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

விசில் அடித்தது யார் என்றும் எனக்குத் தெரியும். தேக்காவில் என்னை நிறுத்தி, மகனுடைய பெயரைப் பார்த்தே எல்லா இடத்திலும் ஒதுக்கிவிடுகிறார்கள் என்று அத்தனை நேரம் புலம்பியவர். விசில் அடித்த அண்ணே, உங்கள் மகனின் சி.வி.யை அனுப்பச் சொன்னேனே, இன்னும் வரவில்லை.