மூண்டு தரம் கட்டின எஞ்சின், ஒருத்தனும் அளந்து பாக்கேல்ல

ஏன்டாப்பா, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு, ஃபீலர் கேஜ், அதை எடுத்து பிஸ்டன் ரிங்கின்ர ரெண்டு நுனிக்கும் இடையில இருக்கிற வாய்க்குள்ள வச்சுப் பாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் என்ர ஒன்றரை வருஷமும் ஏழு லட்சம் காசும் போச்சு. கார் இப்ப வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட் கீழ கவர் போட்டு பிரேதம் மாதிரிக் கிடக்கு.

கார் டொயோட்டா ஸ்டார்லட் கிளான்சா. 1331 சிசி, 4ஈ-எஃப்டிஈ எண்ட டர்போ எஞ்சின், கம்பனியால வரேக்கையே 135 பிஎஸ் பவர், ஒரு தொன்னும் இல்லாத கார். பெரிய டர்போ ஒண்டு போடுவம் எண்டு ஆசைப்பட்டு, தாங்கோணுமே எண்டு ஃபோர்ஜ்ட் பிஸ்டன் (அடிச்சு உறுதியாக்கின பிஸ்டன்) செட் ஒண்டு 74.5 மில்லிமீற்றர் அளவில வெளியில இருந்து எடுப்பிச்சன். எல்லாம் ஒழுங்காத்தான் செய்தன், கொழும்பில கார் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பாஸிட்ட, அதான் மெக்கானிக்கிட்ட, குடுத்தது மட்டும்தான் பிழை.

ஃபோர்ஜ்ட் பிஸ்டன் சூட்டுக்கு வழமையான பிஸ்டனை விடக் கூட விரியும், அதால சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையில இடைவெளி கூட விடோணும், எவ்வளவு எண்டு பிஸ்டனோட வாற பேப்பரிலயே கிடக்கு. பாஸுக்கு இங்கிலிஷ் வாசிக்கச் சங்கடமா இருக்கும் எண்டு நானே இருந்து சிங்களத்தில எழுதி அவற்ற லேத்துக்குப் பக்கத்தில சுவரில ஒட்டிட்டு வந்தன். “ஹரி மல்லி, ஹரி மல்லி” (சரி தம்பி, சரி தம்பி) எண்டார். பிறகு மனுசன் கம்பனி பிஸ்டனுக்கு விடுற இடைவெளியில சிலிண்டரைப் போர் பண்ணி (குடைஞ்சு) வச்சிருக்கிறார், கேட்டா “டைட்டா இருந்தாத்தான் மல்லி பவர்”. முப்பது வருஷ சேர்விஸாம். புதுசாக் கட்டின எஞ்சின் பழகிற ரன்னிங் பீரியட் எண்டு 500 கிலோமீற்றர் பொத்திப் பொத்தி ஓடினன், பிறகு பேலியகொடையால ஹைவேயில ஏறி ஜா-எல தாண்டேக்குள்ள கொஞ்சம் மிதிச்சன் பாருங்கோ, ஒரு இழுவை, அவ்வளவுதான், எஞ்சின் பிடிச்சிட்டுது. கட்டுநாயக்காவுக்கு பிளேனுக்குப் போற சனம் எல்லாம் என்னைப் பாத்துக்கொண்டு போகுது.

ரெண்டாவது ஆள் முதலாவது ஆளைத் திட்டித் திட்டியே அரை நாள் போக்கினார். எனக்கும் நம்பிக்கை வந்திட்டுது, எவ்வளவு விசரன் நான். 75க்கு போர் பண்ணிப் புது பிஸ்டன். ஆனா இந்த ரிங்ஸ் பெட்டியால எடுத்து அப்பிடியே போடுற சாமான் இல்லை, ராவித்தான் போடோணும், டர்போவுக்கு மேல் ரிங்கில 0.35 மில்லிமீற்றர் அளவில எண்டாலும் வாய் இருக்கோணும், இல்லாட்டி சூட்டில ரிங் நீண்டு ரெண்டு நுனியும் முட்டி பிஸ்டனையே உடைக்கும். மனுசன் அளக்கேல்ல, பிஸ்டனோட ரிங்கும் உடைஞ்சுது. காலி வீதியில நீலப் புகை, பின்னால வந்த 100ம் நம்பர் பஸ்காரன் எனக்கு ஹோர்ன் அடிக்கிறான், 100 பஸ்! கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கம்) பாத்தா மூண்டு சிலிண்டரில 150 பிஎஸ்ஐ, ஒண்டில 90. அந்த ஒண்டுக்குள்ள கொஞ்சம் ஒயில் விட்டுப் பாத்தன், 130க்கு ஏறிச்சு, ஒயில் ரிங் பக்கத்து ஒழுக்கை அடைச்சிருக்கு, அப்ப ரிங்தானே? உவர் சொல்லுறார் “ரிங்ஸ் இன்னும் செட் ஆகேல்ல மல்லி, இன்னும் ஓடுங்கோ”. உடைஞ்ச ரிங் எங்க போய் செட் ஆகிறது, எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்புக்குள்ளயா?

மூண்டாவது தரமும் அவரிட்டயே குடுத்தன். ஏனெண்டு கேக்காதேங்கோ, காசு திருப்பித் தரமாட்டன் வேலை செய்து தாறன் எண்டார், வேற வழி? இந்த முறை சம்புக்கு சிலிக்கன் பூசின விதத்தைப் பாத்தா கேக்குக்கு ஐசிங் பூசின மாதிரி. உள்பக்கம் பிதுங்கினது பிஞ்சு போய் ஒயில் ஸ்ட்ரெயினரில அடைச்சு, ஒயில் ஏறாம ரொட் பெயாரிங் டொக் டொக் டொக்.

எனக்குப் பிழை விட்டதுகூடக் கோபம் இல்லை. டோர்க் ரெஞ்ச் எங்க எண்டு கேட்டா ஏதோ அவற்ற அம்மாவைப் பற்றிக் கேட்ட மாதிரி முகம் போகுது பாருங்கோ, அதுதான். கையிலயே தெரியுமாம் எவ்வளவு இறுக்கம் எண்டு. நகைக்கடையில தாலிக்கொடியைக் கையிலயே நிறுத்துத் தந்தா வாங்குவாரா உவர்?

கடைசியா நானே மைக்ரோமீற்றரும் போர் கேஜும் வாங்கினன். புளொக்கைக் கழட்டிக் கொண்டுவந்து பழைய சாரம் ஒண்டில சுத்தி பல்கனியில வச்சிருக்கு, அம்மா உடுப்புக் காயப்போட வரேக்குள்ள ஒவ்வொரு நாளும் அர்ச்சனை. போன ஞாயிறு இருந்து அளந்தன். ரெண்டாவது சிலிண்டர் மேலயும் கீழயும் 0.06 மில்லிமீற்றர் வித்தியாசம், வட்டமும் இல்லை. இனி 75க்கு மேல போர் பண்ண எனக்குத் துணிவில்லை, புளொக் முடிஞ்ச மாதிரித்தான். பஞ்சிகாவத்தையில வேற ஒண்டு கேட்டா காதுக்க பென்சில் வச்சிருக்கிறவன் சிரிக்கிறான், இவ்வளவு பழைய கார் இனி இறங்கவும் விடமாட்டாங்கள்.

அளவெல்லாம் எழுதி அந்த ரெண்டாவது பாஸுக்கு ஃபோட்டோ அனுப்பினன். பின்னேரம் கோல் எடுத்தார். உங்கட கேஜ் பிழையா இருக்கும் மல்லி, சைனா சாமானா எண்டு கேக்கிறார்.