எட்டாவது ஷரத்து

ஓனர்: என்ன டீச்சர், மாடியிலிருந்து வாசனையே வரவில்லை? இன்றைக்கு உங்கள் பண்டிகை ஆயிற்றே!

டீச்சர்: இன்று பெரிய வெள்ளி சார்.

ஓனர்: அதைத்தான் சொல்கிறேன். ஹேப்பி குட் ஃப்ரைடே! பிரியாணி எத்தனை மணிக்கு?

டீச்சர்: இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாள் சார் இது. காலையிலிருந்து வெறும் தண்ணீர். மத்தியானம் கோயிலில் வழிபாடு. அப்புறம் அங்கே ஊற்றும் கஞ்சி.

ஓனர்: கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள?

டீச்சர்: துவையல்.

ஓனர்: ஒரு மனுஷன் முட்டி வலியோடு மாடி ஏறி வாழ்த்து சொல்ல வந்தால் துவையலா!

டீச்சர்: கிறிஸ்துமஸுக்கு வந்தீர்கள், பிரியாணி என்றீர்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு படி ஏறினேன், அன்றும் பிரியாணி என்றீர்கள். குருத்து ஞாயிறன்று கையில் ஓலை வைத்திருந்தேன். அதில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தீர்கள்.

ஓனர்: மத நல்லிணக்கம் டீச்சர். பண்டிகை என்றால் பகிர்ந்து சாப்பிட வேண்டும்.

டீச்சர்: நம் வாடகை அக்ரிமென்டில் எட்டாவது ஷரத்து என்ன சார்?

ஓனர்: அது வந்து... "வாடகைதாரர் மேற்படி வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது."

டீச்சர்: அப்புறம் பிரியாணி எங்கிருந்து வரும்? பைபிளில் வனாந்தரத்தில் வானத்து உணவாக மன்னா விழுந்த மாதிரி மொட்டைமாடியில் விழுமா?

ஓனர்: சமைக்கத்தானே கூடாது? வெளியே சாப்பிடலாம். நானே அண்ணா சாலைப் பக்கம் போனால்... அம்மா காதில் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள்தான் ஆகாது.

டீச்சர்: இயேசு வனாந்தரத்தில் 40 நாள் நோன்பிருந்தார். எனக்கு இந்த மாடியில் 11 மாதம். புதுப்பித்தால் இன்னொரு 11.

(மயிலாப்பூரில் தொங்கும் டு-லெட் பலகைகளைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ‘சைவக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று எழுதி மாட்டியவரை ராத்திரி வேறு பேட்டையில் சால்னா கிண்ணத்தோடு பார்த்தவர்களுக்கு அறவே இருக்காது.)

ஓனர்: சரி, பிரியாணிதான் இல்லை. விஷயத்தையாவது சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை செத்தவர் எழுந்து வந்தார் என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. நான் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன்.

டீச்சர்: அப்படி ஒருத்தர் அப்போதே இயேசுவின் சீடர்களில் இருந்தார். தோமா. காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். அவர் கல்லறை என்று நாங்கள் கும்பிடும் இடம் இதோ, சாந்தோமில், நடக்கிற தூரம்தான். சந்தேகப்படுகிறவர்களுக்கு மயிலாப்பூரில் அந்தக் காலத்திலிருந்தே இடம் கிடைத்திருக்கிறது. மீன் வறுக்கிறவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

ஓனர்: பேச்சை மாற்றாதீர்கள். செத்தவர் எப்படி எழுவார்?

டீச்சர்: வேறு ஒரு கதை சொல்கிறேன். இது இடிக்கிறதா பாருங்கள். ஓர் ஊரில் பெரிய வியாபாரி. ஒரே மகள். பூப்பறிக்கப் போனவளைப் பாம்பு கடித்துவிட்டது.

ஓனர்: பாம்பா? உங்கள் பைபிளில் பாம்பு இல்லாமல் ஒரு கதை நகராதே.

டீச்சர்: கேளுங்கள். பெண் செத்துப்போனாள். எரித்தார்கள். அப்பா சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் போட்டு மூடி, பெண் உயிரோடு இருப்பது போலவே பார்த்துக்கொண்டார்.

ஓனர்: சாம்பல் ஆன பிறகா? உங்கள் இயேசு பரவாயில்லை, உடம்பாவது இருந்தது.

டீச்சர்: வெளியூரிலிருந்து ஒரு பிள்ளை வந்தார். பதினாறு வயதைத் தாண்டாதவர். குடத்தைக் கொண்டுவரச் சொல்லி எதிரே நின்று பாடினார். குடம் உடைந்தது, பெண் எழுந்து வந்தாள். அதுவும் சின்னப் பெண்ணாக இல்லை, இத்தனை வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருப்பாளோ அவ்வளவு வளர்ந்து.

ஓனர்: போதும் டீச்சர், போதும்! பாட்டுப் பாடினால் எலும்பு எழுந்து வருமா? இதைச் சொல்லித்தான் ஊரை ஏமாற்றுகிறார்கள். துவையல் என்று ஆரம்பித்து மெதுவாக என்னை மதம் மாற்றப் பார்க்கிறீர்கள்!

டீச்சர்: ஆமாம். சைவத்துக்கு.

ஓனர்: என்னது?

டீச்சர்: அந்த ஊர் இந்த ஊர். வியாபாரி சிவநேசச் செட்டியார். பாடியவர் திருஞானசம்பந்தர். பெண் பூம்பாவை. கபாலி கோயிலுக்குள் அவளுக்குச் சந்நிதி இருக்கிறது. பங்குனித் திருவிழா எட்டாம் நாள் காலையில் குளத்தங்கரையில் இந்தக் கதையைத்தான் நடத்திக் காட்டுகிறார்கள். அன்று மாலைதான் அறுபத்து மூவர்.

ஓனர்: (செருப்பைக் கழற்றிவிட்டு) பூம்பாவை என்று முதலிலேயே சொல்வதற்கென்ன?

டீச்சர்: சொல்லியிருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். சொல்லாததால் போலீஸுக்குப் போகப் பார்த்தீர்கள்.

ஓனர்: அது நடந்தது டீச்சர். எங்கள் பாட்டியே சொல்லியிருக்கிறாள்.

டீச்சர்: எங்களுக்கும் பாட்டி இருந்தாள் சார்.

ஓனர்: உங்களுக்கு எப்படித் தேவாரமெல்லாம்?

டீச்சர்: முப்பது வருஷம் தமிழ் டீச்சர். சம்பந்தர் அந்தப் பெண்ணிடம் என்ன கேட்கிறார் தெரியுமா? கார்த்திகை விளக்கீடு பார்க்காமல் போகலாமா, தைப்பூசம் பார்க்காமல் போகலாமா, பங்குனி உத்திரம் பார்க்காமல் போகலாமா என்று வருஷத்துப் பண்டிகைகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். முதல் பாட்டு முடிவது, "அட்டிட்டல் காணாதே போதியோ பூம்பாவாய்". அடியார்களுக்குச் சோறு போடுவதைப் பார்க்காமலே போய்விடுவாயா என்று.

ஓனர்: சோறா! பார்த்தீர்களா, சோறு என்றதும் எழுந்து வந்துவிட்டாள். நான் கேட்டால் மட்டும் தப்பு.

டீச்சர்: தைப்பூசப் பாட்டில் நெய் பூசிய புழுக்கல்கூட வருகிறது.

ஓனர்: நெய்ச்சோறு! பிரியாணிக்கு ஒரு படிதான் கீழே. ஆமாம், உங்கள் ஈஸ்டர் மட்டும் எப்படிப் பல வருஷம் எங்கள் பங்குனித் திருவிழாவை ஒட்டியே வருகிறது? பார்த்து வைத்துக்கொண்டீர்களா?

டீச்சர்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி உங்கள் உத்திரம். மேலே இருப்பது ஒரே நிலா. அதை யாரும் வாடகைக்கு விடவில்லை.

ஓனர்: சரி, ஒரே ஒரு சந்தேகம். எழுந்து வந்த இயேசு சீடர்களைப் பார்த்ததும் என்ன கேட்டார்?

டீச்சர்: (தயங்கி) அதை விடுங்கள்.

ஓனர்: சொல்லுங்கள் டீச்சர். வேதத்தை மறைக்கக் கூடாது.

டீச்சர்: லூக்கா 24-ஆம் அதிகாரம். "சாப்பிட இங்கே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஓனர்: ஆஹா! அதையேதான் நானும் ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்கிறேன்!

டீச்சர்: அவர் மூன்றாம் நாள் கல்லறையிலிருந்து வந்து கேட்டார். நீங்கள் இப்போதுதான் ரவா தோசை சாப்பிட்டு வந்து கேட்கிறீர்கள். மீசையில் சட்னி இருக்கிறது.

ஓனர்: என்ன கொடுத்தார்கள்?

டீச்சர்: மீன் துண்டு.

ஓனர்: மீனா! வீட்டுக்குள்ளேயா?

டீச்சர்: வீட்டுக்குள்ளேதான். அதற்கு முன்னால் கடைசி இராவுணவு நடந்ததும் ஒரு மாடி அறையில். பாஸ்கா பண்டிகை விருந்துக்கு இடம் வேண்டும் என்று சீடர்கள் போய்க் கேட்டார்கள். அந்த ஓனர் கம்பளம் விரித்த அறையைக் காட்டினார். ஷரத்து கிரத்து ஒன்றும் கிடையாது. நீங்கள் காலையில் மோட்டார்கூடப் போடுவதில்லை.

ஓனர்: மோட்டாரை இதில் இழுக்காதீர்கள். அது கரண்ட் பில். நான் என்ன, யாருக்கும் சோறு போடாதவனா? போன வாரம் அறுபத்து மூவருக்கு இதே வாசலில் எத்தனை அண்டா சாம்பார் சாதம்!

டீச்சர்: நானும் அடுக்கிக் கொடுத்தேனே. நன்றாகத்தான் இருந்தது. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலிலும் அப்படித்தான். ரம்ஜான் மாதம் சூஃபிதார் அறக்கட்டளைத் தொண்டர்கள் போய் நோன்பு திறக்கச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். பள்ளிவாசல் முஸ்லிம்களுடையது, பரிமாறுகிறவர்கள் சிந்தி இந்துக்கள், சாப்பாடு சைவம்.

ஓனர்: சைவமா? அப்படியானால் வெஜிடபிள் பிரியாணியா? அதெல்லாம் பிரியாணியே இல்லை டீச்சர்!

டீச்சர்: இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். கீழே அம்மாவுக்குக் கேட்கட்டும்.

ஓனர்: ஸ்ஸ்!

டீச்சர்: உங்கள் அண்டாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அன்று கை நீட்டியவர்களில் ஒருத்தரையும் நீங்கள் பெயர் கேட்கவில்லை. தொப்பி போட்ட பையன் இரண்டு தடவை வந்தான், இரண்டு தடவையும் கொடுத்தீர்கள். வீடு பார்க்க நான் வந்தபோது மட்டும், வாசற்படி ஏறுவதற்கு முன்னால் பெயரைக் கேட்டீர்கள். ஸ்டெல்லா என்றேன். அன்று சாயங்காலம்தான் எட்டாவது ஷரத்தைக் கையால் எழுதிச் சேர்த்தீர்கள். மற்ற ஏழும் டைப் அடித்தவை.

ஓனர்: அது புரோக்கர்...

டீச்சர்: எழுத்து உங்களுடையது சார். தமிழ் டீச்சரிடம் கையெழுத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ‘கூடாது’வில் கால் விட்டுப்போயிருந்தது. நான்தான் போட்டேன்.

ஓனர்: (தொண்டையைச் செருமி) சரி, ஞாயிற்றுக்கிழமை என்ன?

டீச்சர்: பெரம்பூரில் அக்கா வீட்டில். மட்டன் பிரியாணி.

ஓனர்: தூக்குப்பாத்திரம் வேண்டுமானால் நான் தருகிறேன்.

டீச்சர்: கொண்டுவருகிறேன். அதற்கு முன்னால் அந்த எட்டாவது வரியை உங்கள் கையாலேயே அடித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஓனர்: அடிக்கலாம். வாடகையில் ஐந்நூறு ஏறும்.

டீச்சர்: எதற்கு?

ஓனர்: வாசனைக்கு.

டீச்சர்: வாசனை கீழே உங்கள் வீட்டுக்குத்தானே வரும்? அப்படியானால் ஐந்நூறு நீங்கள்தான் எனக்குத் தர வேண்டும்.