கேட்டைச் சாத்திட்டுப் போன ரயில்

(பேராவூரணி பக்கம் ஒரு தென்னந்தோப்பு. சித்தப்பா தேங்காய் உரிச்சுக்கிட்டு இருக்கார். கலா ஒரு நோட்டும் பேனாவுமா வர்றா. பேனாவைப் பார்த்ததுமே சித்தப்பா முகம் சுருங்குது. மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் தவணையும் கட்டின மனுஷன், பாவம்.)

கலா: சித்தப்பா, ஒரே ஒரு கையெழுத்து.

சித்தப்பா: கடன் வாங்கினவன் யாரு?

கலா: கடன் இல்ல, ரயில். திருவாரூர்–காரைக்குடி லைன்ல இன்னும் நாலு வண்டி விடச் சொல்லி திருச்சி கோட்ட மேலாளருக்கு மனு.

சித்தப்பா: அந்த ரயிலா? அது என்னை நடுத்தெருவுல நிறுத்துன ரயில்மா.

கலா: என்ன பண்ணுச்சு உங்கள?

சித்தப்பா: நிறுத்துச்சுன்னு சொல்றேன்ல! 2019-ல வண்டி விட்டாங்கன்னு ஆசையா ஏறினேன். திருவாரூர்ல கல்யாணம். ஒரு கேட்டு வந்துச்சு, வண்டி நின்னுச்சு. முன்னாடியிருந்து ஒருத்தர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்தினாரு. வண்டி ஊர்ந்து தாண்டி மறுபடி நின்னுச்சு. பின்னாடியிருந்து இன்னொருத்தர் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு, ஓடிவந்து ஏறிக்கிட்டாரு. சரி, ஏதோ ஒரு கேட்டுல ரிப்பேருன்னு நினைச்சேன். அடுத்த கேட்டுலயும் அதே கூத்து.

கலா: அப்ப நிரந்தரமா கேட் கீப்பர் போடல சித்தப்பா. 149 கிலோமீட்டர்ல எழுபதுக்கு மேல கேட்டு.

சித்தப்பா: எனக்கா சொல்ற? ஒவ்வொண்ணா எண்ணினவன் நான். ஒரு கேட்டுல பைக்குல வந்த ஒருத்தன், "அண்ணே, நான் தாண்டிக்கிறேன், அப்புறம் சாத்துங்க"ங்கிறான். ரயிலு பைக்குக்கு வழிவிட்டு நின்னுச்சும்மா! முகூர்த்தத்துக்குக் கிளம்பினவன், வாடகைப் பாத்திரம் எண்ணி ஏத்தறப்பதான் மண்டபத்துக்குள்ள நுழைஞ்சேன்.

கலா: காரைக்குடியிலேருந்து திருவாரூருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சுதான், இல்லங்கல. ஆனா கேட்டுக்கு ஆள் போட்டதும் அதே தூரம் ஏறத்தாழ மூணு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சே. தண்டவாளமும் அதேதான், வண்டியும் அதேதான். ஆள் பத்தாததுதான் குறை. அதையேதான் மனுவுலயும் எழுதியிருக்கோம்: ஸ்டேஷன் மாஸ்டரையும் கேட் கீப்பரையும் எல்லா ஷிப்டுக்கும் போடுங்க, அதிகாலையிலயும் ராத்திரியிலயும் வண்டி ஓடட்டும்னு.

சித்தப்பா: ரயிலே காலியா ஓடுதுங்கிறான். இதுல இன்னொண்ணு காலியா ஓடணுமா?

கலா: ஏன் காலியா ஓடுது? நீங்க ராத்திரி பதினோரு மணிக்கு இளநிக் கடை விரிச்சுட்டு, இந்த ஊர்ல எவனும் இளநி குடிக்க மாட்டேங்கிறான்னு சொன்னா எப்படி இருக்கும்?

சித்தப்பா: பதினோரு மணிக்கு இவனுங்க வேற தண்ணியில இருப்பானுங்க.

கலா: அதேதான். காலேஜ் மணி அடிக்கிறதுக்குள்ள காரைக்குடியில இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டியாந்தா என் பொண்ணு ஏன் பஸ்ல தொங்கப் போறா? இங்க ஓடுற டெமுங்கிற டீசல் வண்டிக்கு ரெண்டு முனையிலயும் டிரைவர் கேபின் இருக்கு. எஞ்சினைக் கழட்டி மாட்டுற வேலையே கிடையாது. போய்ச் சேர்ந்ததும் டிரைவர் அந்தப் பக்கம் நடந்துபோய் உக்காந்தா திரும்பிடலாம். ஒரே வண்டி நாளைக்கு நாலு நடை அடிக்கும்.

சித்தப்பா: டிக்கெட்டு?

கலா: குறைஞ்சது பத்து ரூபா. கொரோனாவுக்கு அப்புறம் அதே பாசஞ்சருக்கு எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்னு பேர் வச்சு முப்பது ரூபா வாங்கினாங்க. 2024-லதான் பழையபடி பத்தாச்சு.

சித்தப்பா: பேர் வச்சதும் வேகம் கூடுச்சா?

கலா: எங்க கூடுச்சு?

சித்தப்பா: அப்ப சரி. எனக்கென்னமோ இந்த லைனே வெள்ளைக்காரன் விட்டுட்டுப்போன மிச்சம். அவன் போட்டான், நீங்க மனு போடுறீங்க.

கலா: ஓட்டினதுதான் அவன் கம்பெனி, காசு நம்ம காசு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரிக்கு மேல தனியா ஒரு வரி வசூல் பண்ணி, அந்தப் பணத்துல மாயவரம்–முத்துப்பேட்டை லைனைப் போட்டுச்சு, 1894-ல. அதுதான் பட்டுக்கோட்டை, அறந்தாங்கின்னு நீண்டு, சுதந்திரத்துக்கு அப்புறம் காரைக்குடியில போய் முட்டுச்சு. தோப்பு வச்சிருந்த உங்க பாட்டனாரும் அந்த வரியைக் கட்டியிருப்பாரு.

சித்தப்பா: அவரா? அவரு வரி கட்டுனாருன்னா அதை ஜில்லா கெஜட்டுலயே போட்டிருப்பான்!

கலா: அகலப் பாதை ஆக்குறோம்னு 2012-ல பழைய குறுகலான மீட்டர் கேஜ் பாதையைப் பிரிச்சாங்க. முழு லைனும் திரும்ப ஓடுறதுக்கு 2019 ஆச்சு. ராத்திரி ஏறினா விடிஞ்சதும் எழும்பூர்னு நமக்கு ஒரு கம்பன் எக்ஸ்பிரஸ் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?

சித்தப்பா: இருக்காதா? உங்க சித்தியைப் பொண்ணு பார்த்துட்டு அதுலதான் வந்தேன். இப்ப எங்க அது?

கலா: அந்தப் பேர்ல ஓடுற வண்டி காரைக்காலுக்குப் போவுது.

சித்தப்பா: கம்பன் கழகம் காரைக்குடியில, கம்பன் காரைக்கால்லயா? எழுத்துப்பிழையா இருக்கும், விசாரிங்க.

கலா: தாம்பரம்–செங்கோட்டை வண்டி 2023-லேருந்து இந்த வழியா ஓடுது, வாரத்துக்கு மூணே நாள். அதே வருஷம் திருத்துறைப்பூண்டியிலேருந்து அகஸ்தியம்பள்ளிக்கும் திரும்ப ரயில் விட்டாச்சு. வேதாரண்யத்து உப்பளப் பக்கமே ரயில் போவுது சித்தப்பா, நாம என்ன பாவம் பண்ணினோம்?

சித்தப்பா: தஞ்சாவூருக்கு நேரா விடச் சொல்லு, ரெண்டு கையெழுத்தாப் போடுறேன். பெரியாஸ்பத்திரிக்கு அங்கதானே போறோம்? ரயில்ல போகணும்னா திருவாரூரைப் பிரதட்சணம் பண்ணிட்டுல்ல போகணும்!

கலா: பட்டுக்கோட்டை–தஞ்சாவூர் லைனும் மனுவுல இருக்கு. அதுக்கு சர்வேயே எத்தனையோ தடவை எடுத்தாச்சு.

சித்தப்பா: அளந்து அளந்தே பூமி தேஞ்சிருக்கும். சரி, மூணு மணி நேரத்துல போவுதுங்கிற, பத்து ரூபாங்கிற. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் போட மாட்டேன்.

கலா: ஏன்? மனசுல இருக்குறதைச் சொல்லுங்க.

(சித்தப்பா தோப்பு ஓரத்து ரயில்வே கேட்டையே பார்க்கிறார்.)

சித்தப்பா: ஆள் போடாத காலத்துல வண்டி இந்தக் கேட்டுல நின்னுச்சும்மா. அவரு இறங்கி கேட்டைச் சாத்துறதுக்குள்ள நான் மூட்டையோட ஏறிடுவேன். வீட்டு வாசல்ல ரயிலு! இப்ப ஆளைப் போட்டுத் தொலைச்சுட்டாங்க. நான் கை காட்டினா அவரு கொடி காட்டுறாரு, வண்டி விர்ருனு போயிடுது.

கலா: அப்ப ஆறு மணி நேரம்னு இவ்வளவு நேரம் திட்டினது?

சித்தப்பா: மத்த கேட்டுல நின்னதைத் திட்டினேன். இந்தக் கேட்டுல நின்னதை எப்பவாவது குறை சொன்னேனா?

கலா: கையெழுத்துப் போடுங்க சித்தப்பா.

சித்தப்பா: கொண்டா. (போடுறார். அதுக்குக் கீழேயும் ஏதோ எழுதுறார்.)

கலா: என்ன எழுதுறீங்க?

சித்தப்பா: "மேற்படி தென்னந்தோப்புக் கேட்டில் ஒரு நிமிடம் மட்டும்."

கலா: ஐயோ! இதைப் பார்த்தா அடுத்த தோப்பு மாமாவும் ஒரு நிமிஷம் கேப்பாரே!

சித்தப்பா: அவனுக்கெதுக்கு? வந்து இங்க ஏறிக்கச் சொல்லு.