185 கேஸ்: "பத்தாயிரத்தைக் கட்டிட்டு வந்துடுங்க" என்பது மலிவான வழி இல்லை

ராத்திரி வண்டிச் சோதனையில் ஊதச் சொல்கிறார்கள். மெஷின் 34 காட்டுகிறது, வரம்பு 30. டிடி கேஸ், அதாவது குடித்துவிட்டு ஓட்டியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் வழக்கு எழுதி, வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள். மறுநாளிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் யோசனை ஒன்றே ஒன்றுதான்: "எதுக்கு அலையணும்? ஒத்துக்கிட்டு பத்தாயிரத்தைக் கட்டிட்டு வந்துடுங்க." தரகர் சொல்வார், நண்பர் சொல்வார், சில வக்கீல்களே சொல்வார்கள். குடித்தவருக்கு அது சரியான யோசனையாகக்கூட இருக்கலாம். குடிக்காதவருக்கு அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது.

ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே கட்டுகிற பணமும் இதுவும் ஒன்றல்ல. கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் 185 இல்லை. ஆகவே நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் "ஆமாம்" என்று சொன்ன நொடியில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். முன்பு "மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்" என்று ஒரு வரம்பு இருந்தது. அதையும் அந்தத் திருத்தம் எடுத்துவிட்டது. இன்றைக்கு வேலை முடிந்தால் போதும் என்று ஒப்புக்கொள்வது பத்து வருடம் கழித்தும் கணக்கில் நிற்கும்.

பலருக்கும் தெரியாதது அதே சட்டத்தின் 20(2)-வது பிரிவு. 185-ல் தண்டனை பெற்றவரை, குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்கிறது அது. கால் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்குப் பத்தாயிரம் பெரிதா, ஆறு மாத வருமானம் பெரிதா? ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியபின் "நான் குடிக்கவே இல்லை" என்று மேல்முறையீடும் போக முடியாது. தண்டனையின் அளவு, அது சட்டப்படி சரியா என்ற இரண்டைத்தான் கேட்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு ஓட்டியவருக்கு ஓட்டை தேடித் தரும் பதிவு இல்லை இது. "ஒரு பீர்தானே" என்பவர்கள் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 650 மில்லி பாட்டில், 5 சதவீதம் என்றால் அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆணின் உடம்பில் அது ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமைத் தாண்டும். சட்டத்தின் வரம்பு 30. ஸ்ட்ராங் பீர் என்றால் கேட்கவே வேண்டாம். மெஷின் சரி, நீங்கள்தான் தப்பு.

குடிக்காமலே மாட்டியவர் என்றால், உங்கள் வழக்கின் பாதி அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் தீர்மானமாகிவிடும்.

ஊத மறுக்காதீர்கள். "உரிமை" என்று நினைத்துச் செய்யும் பெரிய தப்பு இது. சோதனைக்கு மறுத்ததை, நியாயமான காரணம் இல்லாவிட்டால், உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலு சேர்க்கும் சங்கதியாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205-வது பிரிவு. ஊதுங்கள், ஆனால் ஊதும் முன் மூன்றைக் கவனியுங்கள். உறை பிரித்த புதுக் குழாயா, திரையில் முதலில் பூஜ்யம் வந்ததா, மணி எத்தனை. யாரும் ஊதும் முன் செய்யும் வெற்றுச் சோதனையில் பூஜ்யம் வராத மெஷினை நம்ப முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் 185 குற்றச்சாட்டையே ரத்து செய்திருக்கிறது. எண் ஏறினால் கத்த வேண்டாம். "சார், வாயைத் தண்ணியில கொப்பளிச்சுட்டு இருபது நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன், அதையும் எழுதிக்கங்க" என்று கேளுங்கள். 203-வது பிரிவே "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட" மூச்சு மாதிரிகள் என்றுதான் பேசுகிறது. கைது செய்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால், அங்கே ஊதிக் காட்ட வாய்ப்பு தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

ஏன் இருபது நிமிடம்? மெஷின் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. மூச்சில் இருக்கும் ஆல்கஹாலை அளந்து, 2100-ஆல் பெருக்கி, ரத்தத்தில் இவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுகிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றுக்குத்தான் இந்தப் பெருக்கல் செல்லும். வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலுக்குச் செல்லாது. மவுத்வாஷ், இருமல் டானிக், ஹோமியோபதி டிங்ச்சர், தசமூலாரிஷ்டம், சாப்பிட்டதெல்லாம் நெஞ்சுக்கு ஏறி வரும் எதுக்களிப்பு என்று எது வாயில் ஆல்கஹாலை விட்டுவைத்தாலும் எண் எகிறும். 2025-ல் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்து டிப்போவில் குடிக்காத ஊழியர்களே மாட்டினார்கள். காரணம், புளிக்க ஆரம்பித்திருந்த பலாச்சுளை. பூஜ்யம் காட்டிய ஒருவரைச் சாப்பிடவைத்து மறுபடி ஊதச் சொன்னபோது எண் ஏறியது.

வாய் ஆல்கஹால் 15, 20 நிமிடத்தில் போய்விடும். ரத்தத்தில் இருப்பதோ மணிக்கு, 100 மில்லி ரத்தத்தில் 10 முதல் 20 மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் இறங்கும். 11.10-க்கு 34, 11.30-க்கு 29 என்றால் ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 11.10-க்கு 34, 11.30-க்கு 4 என்றால் எந்தக் கல்லீரலாலும் அந்த வேகத்தில் இறக்க முடியாது. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல ஆதாரம் இந்த இரண்டாவது எண்தான். இரண்டாவது முறை ஊத விட மறுத்தார்கள் என்றால் அதுவும் குறுக்கு விசாரணைக்கு ஆகும், நீங்கள் கேட்டது எங்காவது பதிவாகியிருந்தால்.

அடுத்தது அலகு. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், 0.03 சதவீதம், லிட்டருக்கு 0.3 கிராம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் சில மெஷின்கள் மூச்சின் அளவை அப்படியே காட்டும். அந்த வரம்பு மூச்சில் லிட்டருக்குச் சுமார் 0.143 மில்லிகிராம். சீட்டில் அலகு என்ன அச்சாகியிருக்கிறது, குற்றப் பத்திரத்தில் என்ன அலகு எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். "30" என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அலகே இல்லாத தாளும் உண்டு.

எல்லையில் நிற்கும் எண்களுக்குத் தனிக் கணக்கு. சாட்சியத்துக்குரிய மூச்சுக் கருவிகளுக்கான சர்வதேச அளவியல் பரிந்துரையான ஆர் 126, பயன்பாட்டில் இருக்கும் மெஷினுக்கு இந்த அளவில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் வரை பிழையை அனுமதிக்கிறது. 2100-ஆல் பெருக்கினால் ரத்தக் கணக்கில் 100 மில்லிக்கு 6.3 மில்லிகிராம். ஒழுங்காகப் பராமரித்த மெஷினே 34 காட்டும்போது உண்மை அளவு 28-ஆக இருக்கலாம். 90 காட்டியிருந்தால் இந்த வாதத்தை எடுக்காதீர்கள், சிரிப்பார்கள்.

"எனக்குச் சுகர் இருக்கு, அதனால காட்டிடுச்சு" என்பதும் எல்லா மெஷினிலும் எடுபடாது. விலை மலிவான குறைகடத்தி சென்சர், சுகர் உள்ளவர் மூச்சில் வரக்கூடிய அசிட்டோனுக்கும் எண் காட்டும். ஃப்யூயல் செல் சென்சர் அசிட்டோனைக் கண்டுகொள்ளாது. மாடல் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வாதத்தைத் தொட வேண்டும்.

இனி ரத்தப் பரிசோதனை. "ரத்தம் எடுக்கல, கேஸ் நிக்காது" என்று வாட்ஸப்பில் சுற்றும் சட்டம் தவறு. 185-ல் மூச்சுச் சோதனை "அல்லது" ஆய்வகச் சோதனை உள்ளிட்ட வேறு சோதனை என்றுதான் இருக்கிறது. மூச்சு முடிவு சாட்சியமாகச் செல்லும் என்றும் 203 சொல்கிறது. கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் மூலம் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்பது 202. நல்ல பாதுகாப்புதான். ஆனால் நடைமுறையில் "கைது" என்று எழுதாமலே சலானைக் கொடுத்து அனுப்பிவிடுவதால் அது உங்களுக்குக் கை கொடுக்காமல் போகலாம். வழக்கு அதனால் தானாகச் செத்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள்.

அதனால், ஸ்டேஷனிலேயே ரத்தம் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எடுத்தால், ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. மாதிரி சோடியம் ஃப்ளோரைடு சேர்த்த, சாம்பல் நிற மூடிக் குழாயில் போக வேண்டும். அது இல்லாமல் வெயிலில் கிடந்த ரத்தம் தானே நொதித்து ஆல்கஹால் உண்டாக்கும். சீல், லேபிள், எடுத்த மணி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலியும் முக்கியம். எடுக்கவில்லையா, ஒரு மணி நேரத்துக்குள் நீங்களே போய்விடுங்கள். அரசு மருத்துவமனையில் போலீஸ் கடிதம் இல்லாமல் எடுக்கத் தயங்குவார்கள். அப்போது அங்கீகாரம் பெற்ற தனியார் லேப், மணி அச்சாகிய பில். 204 சொல்லும் ஆய்வகம் அரசு நிறுவியதோ அங்கீகரித்ததோதான் என்பதால், தனியார் அறிக்கை எதிர்த் தரப்புச் சாட்சியமாக மட்டுமே நிற்கும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். முழு ரத்தத்திலா, சீரத்திலா (அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதி) பார்த்தார்கள் என்று அறிக்கையில் எழுதி வாங்குங்கள். சீரத்தில் எண் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக வரும்.

மெஷினே இல்லாமல் டாக்டர் சான்றை மட்டும் வைத்துப் போடும் கேஸ் வேறு ரகம். "மது வாடை உள்ளது, ஆனால் கட்டுப்பாட்டில் உள்ளார்" என்று எழுதியிருப்பார்கள். வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி இவை மட்டும் போதாது என்று 1971-லேயே பச்சுபாய் ஹசனல்லி கர்யாணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸுக்கு இந்தக் கவசம் இல்லை. மூச்சு, ரத்தச் சோதனை இல்லாமலே மற்ற சூழ்நிலைகளை வைத்து நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியும் என்று 2021-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மறுநாள் காலை செய்ய வேண்டியவை அலுப்பான வேலைகள்தான், ஆனால் யாரும் உங்களுக்காகச் செய்ய மாட்டார்கள். மெஷின் சீட்டு தெர்மல் தாள், சில மாதத்தில் வெளுத்துவிடும். உடனே போட்டோ, ஜெராக்ஸ் எடுங்கள். அதில் சீரியல் எண், சோதனை எண், தேதி, மணி இருக்கும். மெஷினின் கடிகாரமே தப்பாக ஓடுவதுண்டு. அந்த இடத்துச் சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் கேமரா வைத்திருக்கும் கடைக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக்கடை பில்கள், டாக்டர் சீட்டு, மருந்து பாட்டில் லேபிள் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். அந்த சீரியல் எண் மெஷினின் கடைசி அளவுத்திருத்தச் (கேலிப்ரேஷன்) சான்று, அன்றைய சோதனைப் பட்டியல் இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "விசாரணையில் உள்ளது" என்று கைவிரிக்கலாம். அந்தப் பதிலையே இணைத்து, ஆவணத்தை வரவழைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு போடலாம்.

கோர்ட்டில் கூப்பிட்டதும் கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நிறுத்தி, குற்றத்தைப் படித்து, "ஒத்துக்கிறியா?" என்பார்கள். எல்லாம் அரை நிமிடம். அங்கே "இல்லைங்க ஐயா, நான் குடிக்கவில்லை, வழக்கை நடத்துகிறேன்" என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற போன் எண்ணில் கேட்கலாம். ஆன்லைனில் சலான் வந்து பணம் கட்டினாலும் ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பிறகுதான் முதல் முறைக் குற்றத்தைக் கோர்ட்டுக்கே கொண்டுவந்தார்கள் என்றால் காலவரம்பைக் கிளப்ப மறக்காதீர்கள்.

குறுக்கு விசாரணையில் உணர்ச்சி வசனம் வேண்டாம். சோதனை செய்த போலீஸ்காரரிடம் கேட்க வேண்டியவை: சீருடையில் இருந்தீர்களா, சந்தேகம் ஏன் வந்தது, வெற்றுச் சோதனை எண் என்ன, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டீர்களா, பதினைந்து நிமிடம் காத்திருந்தீர்களா, இந்த மெஷின் கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் ஆனது, சான்று எங்கே, இந்த வகை மத்திய அரசின் அரசிதழில் ஒப்புதல் பெற்றதா. 203-ன் விளக்கமே அந்த ஒப்புதலைக் கேட்கிறது. இவற்றில் பாதிக்கு "ஞாபகமில்லை" என்று பதில் வந்தாலே வழக்கு ஆட ஆரம்பிக்கும்.

வண்டியைப் பற்றி. 207-ல் வாகனத்தைப் பிடித்து வைக்கச் சொல்லும் காரணங்களில் 185 வரவில்லை. குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்தால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2021-ல் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் அதைக் காட்டி மரியாதையாகக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் நடுவரிடம் இடைக்கால ஒப்படைப்பு மனு.

நடத்துவதிலும் நஷ்டம் இல்லாமல் இல்லை. வாய்தாக்கள் இழுக்கும். ஒன்றுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்டு வரும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டுக்குக் கோர்ட் அனுமதி தேவைப்படலாம். வெளிநாட்டு வேலைக்கு அடுத்த மாதம் கிளம்ப வேண்டியவர் இதையும் எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

லைசென்ஸ் விவகாரம் கோர்ட்டோடு முடிவதில்லை. போலீஸ் அனுப்பும் பரிந்துரையில் ஆர்.டி.ஓ. 19-வது பிரிவின் கீழ் தனியாக நோட்டீஸ் விடுவார், பொதுவாக மூன்று மாத இடைநிறுத்தத்துக்கு. உங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது. வழக்கு எண், இரண்டாவது ஊதல், லேப் அறிக்கை ஆகியவற்றோடு எழுத்தில் பதில் கொடுங்கள். உத்தரவு எதிராக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. விடுதலையானதும் தீர்ப்பின் சான்று நகலை நீங்களே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ட்டிலிருந்து அது தானாகப் போய்ச் சேராது.