கிருஷ்ணய்யர் அரசியல்வாதிதான், அதனால் என்ன?

நேற்றைய டி.வி. விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அதில் பேசிய ஒருவர், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் நீதிபதி வேடத்தில் இருந்த அரசியல்வாதி, இந்திரா காந்தியைக் காப்பாற்றியவர் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டார். நெறியாளரும் தலையாட்டினார். வயிறு எரிகிறது.

கிருஷ்ணய்யர் அரசியல்வாதிதான். யார் மறுத்தது? பாலக்காட்டில் பிறந்து தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர். 1952-ல் கூத்துபறம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். 1957-ல் கம்யூனிஸ்ட் ஆதரவுடன் சுயேச்சையாக வென்று கேரள முதல்வர் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறைத்துறை எல்லாம் பார்த்தார். அந்த அனுபவம்தான் அவரை அப்படிப்பட்ட நீதிபதியாக்கியது. இதைத்தான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறேன்.

"காப்பாற்றினார்" என்கிறீர்களே, அந்த உத்தரவில் என்ன இருக்கிறது? 1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அப்போது பிரதமராக இருந்த இந்திராவின் ரேபரேலி தேர்தல் வெற்றி செல்லாது என்றது. மேல்முறையீடு வந்தபோது உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதி இவர். சட்ட அமைச்சர் கோகலே நேரில் வந்து பார்க்கலாமா என்று போனில் கேட்டபோது, தேவையில்லை, மனுவைப் பதிவகத்தில் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். இந்திராவுக்காக வக்கீல் பல்கிவாலா கேட்டது அந்தத் தீர்ப்புக்கு முழுத் தடை. ஜூன் 24-ல் கிடைத்தது நிபந்தனைத் தடை. மக்களவை வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடலாம், இல்லாவிட்டால் 60 நாள் அவைக்கு வரவில்லை என்று இடமே காலியாகிவிடக்கூடும். ஆனால் எம்.பி.யாக ஓட்டுப் போடக் கூடாது, எம்.பி. சம்பளம் வாங்கக் கூடாது. பிரதமராக அவையில் பேசலாம். எம்.பி.யாக இல்லாதவரே ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம், அவையில் பேசலாம் என்று அரசியல் சாசனமே சொல்கிறதே! மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. காப்பாற்றப்பட்டவர் எதற்கு அதைக் கொண்டுவர வேண்டும்?

தடையே கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். தேர்தல் மேல்முறையீடுகளில் வழக்கமாகத் தருவதே இந்த மாதிரித் தடைதான். சாதாரண எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பதுதான் பிரதமருக்கும் கிடைத்தது.

தேர்தல் வழக்கு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1960-ல் தலச்சேரியில் ஏழே ஓட்டில் தோற்று, வழக்குப் போட்டு, மறு எண்ணிக்கையில் ஜெயித்தவர் அவர். அரசியலில் கால் வைக்காத எந்த நீதிபதிக்கு இது வாய்த்திருக்கும்?

சிறை விஷயமும் அப்படித்தான். 1948-ல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று அவரையே ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். பிறகு சிறைத்துறைக்கே அமைச்சர். உள்ளிருந்தும் மேலிருந்தும் சிறையைப் பார்த்த மனிதரிடம்தான், திகார் கைதி சுனில் பத்ரா சக கைதிக்கு நடந்த சித்திரவதை பற்றி எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்தது. முத்திரைத்தாள், வக்காலத்து எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். கைதிகளுக்கு வாடிக்கையாகக் கைவிலங்கு மாட்டக் கூடாது என்ற 1980 தீர்ப்பும் அவருடையதே.

தீர்ப்பா கவிதையா என்று அவருடைய ஆங்கிலத்தைக் கிண்டல் செய்வார்கள். கடினம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அதில் இருப்பதைப் படிக்காமலே விட்டுவிடுவதா? 1978-ல் மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை. மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கூடப்பிறந்தவர் முன்வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தமிழனோ மலையாளியோ வடக்கே ஒரு ஊரில் கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்ற பொருளில் அதே தீர்ப்பில் கேட்டார். பிழைப்புக்கு ஊர் விட்டு ஊர் போகிறவர்களிடம் ஓட்டுக் கேட்டுப் போன மனிதருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

1973-ல் அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோதும் இதே அரசியல்வாதிப் பட்டத்தைச் சொல்லி வக்கீல்கள் சிலர் எதிர்த்தார்கள். 1980-ல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஒதுங்கவில்லை. 1987-ல் எதிர்க்கட்சி வேட்பாளராக ஆர்.வெங்கட்ராமனை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார். 2014 டிசம்பரில், நூறாவது வயதில் இறக்கும்வரை பொதுவாழ்க்கையில்தான் இருந்தார். அந்த விவாதக்காரருக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: ஜூன் 24 உத்தரவைப் படியுங்கள். முழுசாக, நிபந்தனைகளோடு.