ஆசைக்குப் படம் எடுப்பவருக்கு மாதச் சந்தா எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இப்போது கேமரா வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. யாரோ விற்ற பழைய டிஎஸ்எல்ஆரைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையானால் கிளம்பிவிடுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்களில் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எடிட்டிங்குக்கு எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் சொல்வதைவிட இங்கேயே விவரமாக எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசைக்காகப் படம் எடுப்பவர் எடிட்டிங் மென்பொருளுக்கு மாதா மாதம் பணம் கட்டத் தேவையில்லை. கல்யாணம், காதுகுத்து என்று தொழிலாகச் செய்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு வேகம் வேண்டும், போட்ட காசும் திரும்பி வரும். நமக்கு வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டோஷாப், லைட்ரூம் இரண்டும் சேர்ந்து வரும் அடோபியின் போட்டோகிராபி திட்டத்தில் மாதம் 9.99 டாலருக்கு இருந்த சின்னச் சந்தா 2025 ஜனவரியிலிருந்து புதியவர்களுக்குக் கிடையாது. அதற்கு அடுத்தது 19.99 டாலர். டாலருக்கு நான்கு வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலே 80 வெள்ளி. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கான வரி 2020-இல் 6 விழுக்காடாகத் தொடங்கி, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடாகிவிட்டது. எல்லாம் சேர்ந்தால் வருடத்துக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், ஒரு தோட்டத்து வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. டாலர் ஏறினால் இன்னும் கூடும். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 வெள்ளி வரைக்கும் நெருங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

காசு மட்டும் காரணம் இல்லை. நாம் எடுக்கும் படங்கள் எப்படிப்பட்டவை என்று யோசியுங்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. இப்போது பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் (குடியிருப்பு) வருகிறது. லயத்து வீடுகள், தோட்டத்து மாரியம்மன் கோயில், மரத்தடி முனியாண்டி, ரப்பர் பாலை எடை போட்ட கொட்டகை எல்லாம் நம் கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்கின்றன. பெரிய பத்திரிகைகள் வந்து இவற்றைப் படம் எடுத்து வைக்கப்போவதில்லை. நம் பிள்ளைகள் எடுப்பதுதான் மிஞ்சும். அந்தப் படம் இருபது வருடம் கழித்தும் திறக்க வேண்டும், வேண்டுமானால் மறுபடி திருத்தவும் முடிய வேண்டும். சந்தாவை நிறுத்தினால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் வாழ்ந்த ஊர் இது. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். சொந்தம் என்று ஒன்று இருப்பதன் அருமையை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, எதைப் போடுவது? முதலில் உங்கள் கேமரா கம்பெனியே இலவசமாகத் தருவதை எடுத்துப் போடுங்கள். கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல் இருக்கிறது. நிக்கானுக்கு 2021-இல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ. சோனிக்கு இமேஜிங் எட்ஜ். பூஜிபிலிமின் எக்ஸ் ரா ஸ்டூடியோ இன்னும் விசேஷம். கேமராவைக் கம்பி போட்டுக் கணினியோடு இணைத்துவிட்டால், படத்தைப் பதப்படுத்தும் வேலையைக் கேமராவின் சிப்பே செய்கிறது. அதனால் பழைய லாப்டாப் வைத்திருப்பவரும் திணற வேண்டியதில்லை. கேமரா தரும் ஜேபெக் படத்தின் நிறமும் இந்த மென்பொருள்கள் தரும் நிறமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் படம்) என்றால் என்ன, வெளிச்சத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து டார்க்டேபிள். 2009-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), விண்டோஸுக்கு 2017 கடைசியில் வந்தது. முழுக்க இலவசம். நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி எக்ஸ்எம்பி கோப்பில் எழுதி வைக்கும். போல்டரை அப்படியே வேறு கணினிக்குக் கொண்டுபோனால் திருத்தங்களும் கூடவே போகும். நாளைக்கே அதை உருவாக்குபவர்கள் நிறுத்திவிட்டாலும், நீங்கள் இறக்கி வைத்தது உங்களிடம் இருக்கும். மூல நிரலும் எல்லார் கையிலும் இருக்கும்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், டார்க்டேபிள் சுலபம் இல்லை. திறந்ததும் அத்தனை மாட்யூல்களை (திருத்தும் கருவிகளை) பார்த்துப் பலர் மூடிவிடுகிறார்கள். வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன்), டோன், கிராப், இந்த நான்கை மட்டும் சில வாரம் பழகுங்கள். மற்றதெல்லாம் தேவை வரும்போது தானாகத் தேடிப் போவீர்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லாப்டாப்பில் இது மெதுவாக ஓடும் என்பதும் உண்மைதான். பொறுமை இல்லையென்றால் ராதெரபியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் திறந்த மூலம்தான், திருத்தங்களைப் படத்தின் பக்கத்திலேயே வைக்கும்.

லேயர் போட்டு, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு வைத்து வேலை செய்ய ஜிம்ப் இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், பில்டரைப் போட்ட பிறகும் திரும்பிப் போய் மாற்றலாம். பல வருடமாக நாங்கள் எதிர்பார்த்த வசதி அது. பார்க்க இன்னும் அழகாக வேண்டுமென்றால் அபினிட்டி. 2024-இல் கேன்வா நிறுவனம் அதை வாங்கியது, 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகக் கொடுக்கிறது. கேன்வா கணக்கு ஒன்று வேண்டும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் காசு கட்ட வேண்டும். அருமையான மென்பொருள், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் முடிந்த படத்தை பெரும்பாலான மென்பொருள்கள் திறக்கும் டிஃப் கோப்பாகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நிக் கலெக்‌ஷன் என்ற பிளகின் (எடிட்டிங் மென்பொருளோடு சேர்த்துப் போடும் துணை நிரல்) தொகுப்பின் கதை அப்படி. கருப்பு வெள்ளைப் படத்துக்கு அதில் உள்ள சில்வர் எபெக்ஸைப் புகழாதவர் இல்லை. ஒரு காலத்தில் 500 டாலர் அளவில் விற்றது. 2012-இல் கூகிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 149 டாலராக இறங்கியது. 2016 மார்ச்சில் முழுக்க இலவசம் என்றார்கள், உலகமே இறக்கிக்கொண்டது. அடுத்த வருடமே இனிமேல் மேம்படுத்தப் போவதில்லை என்று கைவிட்டார்கள். பிறகு டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சு நிறுவனம் வாங்கி 2018-இல் மறுபடி விலைக்குக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனி கொடுக்கும் இலவசம் அந்தக் கம்பெனியின் மனசு மாறும்வரைதான்.

பிளகினுக்குக் காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நான் ஒன்றுக்குத்தான் சரி சொல்வேன்: இரவுப் படங்களில் வரும் மணல் போன்ற புள்ளிகளை நீக்குவதற்கு. தீமிதி, இரத ஊர்வலம் என்று நம் திருவிழாக்கள் இருட்டியபின்தான் களைகட்டும். வெளிச்சத்தைப் பிடிக்கும் அளவான ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றாமல் முடியாது, அப்போது புள்ளிகளும் கூடும். டார்க்டேபிளில் ஒவ்வொரு கேமராவுக்கும் அளந்து வைத்த விவரத்தைக் கொண்டு புள்ளிகளைக் குறைக்கும் மாட்யூல் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். போதவில்லையென்றால் ஒரு முறை காசு கொடுத்து வாங்கும் டிஎக்ஸ்ஓ பியூர்ரா போன்ற ஒன்று. அது தரும் டிஎன்ஜி என்ற ரா வகைக் கோப்பை மற்ற மென்பொருள்களிலும் திறக்கலாம். இதே வேலையைச் செய்யும் டோபாஸ் 2025-இல் சந்தா முறைக்கு மாறிவிட்டது, அதனால் நான் சொல்லமாட்டேன். எதை வாங்குவதானாலும் இலவசச் சோதனைக் காலத்தில் உங்கள் சொந்த லாப்டாப்பில், உங்களிடம் உள்ளதிலேயே மோசமான இரவுப் படத்தை வைத்துப் பாருங்கள். விளம்பரப் படம் எல்லாவற்றிலும் அழகாகத்தான் இருக்கும்.

பிரிசெட், அதாவது ஒரே சொடுக்கில் படத்துக்குப் போடும் ஆயத்தத் திருத்தம், அந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஆன்லைனில் பத்து வெள்ளிக்கு நூறு பிரிசெட் என்று விற்பதைப் போட்டுவிட்டு, காவடி எடுக்கும் பையனின் முகத்தைச் சாம்பல் பூசியதுபோல் ஆக்கிவிடுகிறார்கள். பல பிரிசெட்டுகள் வெளிர் தோலை மனதில் வைத்துச் செய்தவை. ஆரஞ்சு நிறத்தின் பிரகாசத்தை ஏற்றிவிடும். நம் தோல் நிறம் விழுவது அந்த ஆரஞ்சில்தான். இது புதுப் பிரச்சினையும் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக்கின் ஷெர்லி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்தத் தோல் சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் லேப்புகளில் நிறத்தைச் சரிசெய்தார்கள். கருத்த முகங்கள் விவரம் இல்லாமல் இருண்டு போனதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது கருவி நம் கையில் இருக்கிறது. அம்மாவின் கருப்பு அம்மாவின் கருப்பாகவே இருக்கட்டும். முகம் இருட்டாக இருந்தால் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், நிறத்தைத் தொடாதீர்கள். வேட்டியின் வெள்ளையை வைத்து ஒயிட் பேலன்ஸ் பிடித்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தின் மஞ்சளைக் கொஞ்சம் திரும்ப விடுங்கள். இதற்கு எந்த பிளகினும் வேண்டாம்.

கிராக் போட்ட போட்டோஷாப் மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, அதோடு வரும் வைரஸ் ஹார்ட்டிஸ்கைப் பூட்டிவிட்டால் படமெல்லாம் போச்சு. இவ்வளவு நல்ல இலவச மென்பொருள்கள் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

மிச்சமாகும் காசில் வெளியே வைக்கும் ஹார்ட்டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று சொந்தக்காரர் வீட்டில். அதற்கப்புறமும் காசு இருந்தால் படங்களை அச்சடியுங்கள். ஈப்போவில் ஸ்டூடியோவில் கொடுக்கும்போது, "ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க, பைல் எப்படி இருக்கோ அப்படியே அடிங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய நிறத்தை அந்த மெஷின் வெளுக்க வைத்துவிடும்.