எலி வேஷம் என்றால் இளக்காரமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிள்ளைகளை வைத்து சிண்டரெல்லா இசை நாடகம் போடுகிறோம். வேஷம் பிரித்துக் கொடுத்ததிலிருந்து போன் ஓயவில்லை. "என் மக எதுக்கு எலியா வரணும் அக்கா? அவ பரதம் கத்துக்கிட்ட பிள்ளை!" சரி, அப்போ மற்ற பிள்ளைகள்?

பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட சிண்டரெல்லா கதையில் ஆறு எலிகள்தான் குதிரைகளாகின்றன. ஒரு பெருச்சாளி வண்டியோட்டியாகிறது, ஆறு பல்லிகள் சேவகர்களாகின்றன. இவர்கள் இல்லாமல் சிண்டரெல்லா அரண்மனைக்கு எப்படிப் போவாள், நடந்தா?

சனிக்கிழமை ஒத்திகைக்கு இரண்டு எலி வந்தால் நாலு எலி வராது. கேட்டால் கல்யாணம், டியூஷன், பாட்டி வீடு. இளவரசன் வேஷக்காரனுக்கு மட்டும் பாட்டியே கிடையாதா?

அட்டைக் காதை மாட்டிக்கொண்டு, வாலைக் கையில் பிடித்தபடி பாட்டை முணுமுணுத்துப் பழகும் ஒரு குட்டிப் பையன். அவனை அப்பா வாசலில் ஹாரன் அடித்துப் பாதியிலேயே கூட்டிப் போகிறார். "சும்மா கூட்டத்துல நிக்கிறவன்தானே" என்று அவன் காதுபடவே சொல்கிறார். அந்த முகம் வாடிப்போனதைப் பார்த்தாரா? அவன் குரல் இல்லாவிட்டால் அந்தக் கோரஸே நொண்டும். ஒரு நாள் உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு?